விளக்கு எரிகிறது, தரவு ஏன் நகரவில்லை?

நாமக்கல் மாவட்டத்தின் காவிரிக் கரையில், ஜேடர்பாளையத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், வலைப்பின்னல் ஸ்விட்ச் இல்லாத அலுவலகம் இன்று அரிது. கூட்டுறவுச் சங்கம், வங்கிக் கிளை, இ-சேவை மையம், பள்ளியின் கணினி ஆய்வகம், கோழிப்பண்ணையின் கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தச் சிறு பெட்டியும் அதன் முகப்பில் மினுக்கும் விளக்குகளும் இருக்கின்றன. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய ஒளியிழை வலையமைப்புத் திட்டம் பிற்பாடு பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் வேலை, 2018இல் உருவான தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் தரப்பட்டது. வருமானச் சான்றிதழும் ஓய்வூதிய விண்ணப்பமும் இந்தக் கம்பிகள் வழியாகத்தான் போக வேண்டும் என்றான பிறகு, இணைப்பு நின்றால் வாசலில் காத்திருப்பவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். அந்த நேரத்தில் அறைக்குள் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவர் பெட்டியைப் பார்த்து, "லைட் எரியுதுங்க, லைன் நல்லாத்தான் இருக்குதுங்க" என்கிறார். பிறகு ஸ்விட்சை அணைத்துப் போடுகிறார். அதற்கும் மசியாவிட்டால் புது ஸ்விட்ச் வாங்கச் சொல்கிறார். இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: இணைப்பு என்பது இருக்கும், அல்லது இருக்காது. உண்மையில் இணைப்பு என்பது அளவு சார்ந்தது. பாதி நன்றாகவும் பாதி கெட்டும் அது மாதக்கணக்கில் ஓடும். கோளாறைத் தேடுவது என்றால் அந்த அளவை அளப்பதும், அது எந்த இடத்தில் குறைகிறது என்று பார்ப்பதும்தான். அப்படித் தேடத் தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகளை ஊரிலேயே கண்டுபிடிக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

விளக்கு எதற்குச் சாட்சி?

ஈதர்நெட் முறையை 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் முன்மொழிந்தார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். முறுக்கிய ஜோடிக் கம்பிகளில் அது ஓடத் தொடங்கிய 1990 வாக்கில், கம்பி உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய ஏற்பாடு வந்தது. தரவு எதுவும் இல்லாத நேரத்தில் இரு முனைகளும் சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். துடிப்பு வந்துகொண்டிருந்தால் விளக்கு எரியும். பின்னர் அந்தத் துடிப்புகளைக் கொத்தாக்கி, "எனக்கு இந்த வேகம் தெரியும், உனக்கு?" என்று இரு முனைகளும் பேசி முடிவெடுக்கும் ஆட்டோ-நெகோஷியேஷன் வந்தது. ஆக, விளக்கு சொல்வது இவ்வளவுதான்: எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது, இருவரும் ஒரு வேகத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதன் பிறகு அனுப்பப்படும் தரவுச் சட்டங்களில், அதாவது தரவின் சிறு துண்டுகளில், எத்தனை உடைந்து வந்தன என்ற கேள்விக்கு விளக்கிடம் பதில் இல்லை. ஒப்புக்கொண்ட வேகத்தையே கவனித்தால் மட்டும் ஒரு துப்பு கிடைக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளில் இரண்டு போதும். 1, 2, 3, 6 ஆகிய பின்கள் மட்டுமே வேலை செய்கின்றன. 1999இல் தரப்படுத்தப்பட்ட ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி, கனெக்டரை முனையில் அழுத்திப் பொருத்தும் கிரிம்ப்பில் சரியாகக் கடிபடாமல் போனால், பல கருவிகள் ஓசையின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். விளக்கு அப்போதும் எரியும். பல ஸ்விட்ச்களில் நிறம் மட்டும் மாறும். ஜிகாபிட் ஓட வேண்டிய போர்ட்டில் 100 என்று காட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளின் முனையை.

கடைகளில் கிடைக்கும் கேபிள் டெஸ்டரின் விளக்குகளுக்கும் இதே வரம்பு உண்டு. ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிந்தால் கேபிள் சரி என்று முடிவுகட்டுவது வழக்கம். ஒருவர் வண்ண வரிசையின் விதி தெரியாமல், ஆரஞ்சு ஜோடி, நீல ஜோடி, பச்சை ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுத்தடுத்து வைத்து இரு முனைகளையும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்டர் எட்டு விளக்கையும் வரிசையாகக் காட்டும். ஆனால் 3ஆம் பின்னும் 6ஆம் பின்னும் சேர்ந்து ஒரே சமிக்ஞையைச் சுமக்க வேண்டியவை. இங்கே அவை இரண்டு வெவ்வேறு ஜோடிகளிலிருந்து வந்தவையாகிவிட்டன. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டின் மீதும் ஏறக்குறையச் சமமாக விழும், அவற்றின் வித்தியாசத்தை மட்டும் படித்தால் இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக் கம்பிகளுக்கு இந்த உத்தியை 1881இலேயே அலெக்சாண்டர் கிரஹாம் பெல் கொண்டுவந்தார். ஜோடி பிரிந்துபோன கேபிளில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மின் தொடர்ச்சி முழுமையாக இருந்தும் பக்கத்துக் கம்பிகளின் சமிக்ஞை உள்ளே கசிந்து தரவைச் சிதைக்கும். தொடர்ச்சி இருப்பதும் தரம் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிழை ஏன் மறைந்துகொள்கிறது?

தரம் கெட்ட இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்காததற்கு வலைப்பின்னலின் வடிவமைப்பே காரணம். ஒவ்வொரு ஈதர்நெட் சட்டத்தின் கடைசியிலும் 32 பிட் நீளமுள்ள ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. பெறும் முனை அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, எண் பொருந்தாவிட்டால் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடும். அனுப்பியவருக்குத் தகவல் சொல்லாது. தொலைந்த துண்டைக் கவனித்து மீண்டும் அனுப்பச் செய்வது இரு கோடிகளிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு; டிசிபி என்ற நெறிமுறை அதைச் செய்கிறது. இந்த ஏற்பாட்டால்தான் நம்பகமற்ற கம்பிகளின் மேல் உலகமே நம்பகமான சேவையைக் கட்ட முடிந்தது. அதே ஏற்பாடு கோளாறு இருக்கும் இடத்தையும் மறைக்கிறது. கேபிளில் உள்ள பழுது, பயனரின் திரையில் பழுதாகத் தெரிவதில்லை, தாமதமாகத் தெரிகிறது. தாமதமும் பழுதுக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை. மேத்யூ மேதிஸும் சக ஆய்வாளர்களும் 1997இல் காட்டியபடி, டிசிபி எட்டக்கூடிய வேகம், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. பத்தாயிரத்தில் ஒன்று என்றிருந்த இழப்பு நூற்றில் ஒன்றாக ஏறினால், வேகத்தின் உச்சவரம்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்த நேரத்தில் கணினியில், எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் ஆணையைக் கொடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? விண்டோஸ் வழக்கமாக நான்கு துண்டுகளை அனுப்புகிறது. நூற்றில் ஒன்று தொலையும் இணைப்பில் நான்குக்கும் பதில் வந்துவிட 96 சதவீத வாய்ப்பு உண்டு. "பிங் வருது, லைன் சரி" என்ற தீர்ப்பு எவ்வளவு மெல்லிய சான்றின் மேல் நிற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

பாதி வேலை செய்யும் இணைப்பு எவ்வளவு பெரிய அறிவாளிகளையும் திசைதிருப்பும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ஒரு பெரும் சாட்சியம் இருக்கிறது. 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்துக்கு வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்துக்குச் சுமார் 60 நானோ விநாடி முன்னதாகவே வந்துவிட்டதாக ஆபெரா ஆய்வுக் குழு அறிவித்தது. உண்மையானால் ஐன்ஸ்டைனின் சார்பியலே ஆட்டம் காண வேண்டும். 2012 தொடக்கத்தில் காரணம் வெளிவந்தது. ஜிபிஎஸ் நேரத்தைத் தலைமைக் கடிகாரத்துக்குக் கொண்டுசெல்லும் ஒளியிழையின் கனெக்டர் முழுமையாக இறுக்கப்படாமல் இருந்தது. வேறொரு சிறு கடிகாரப் பிழையும் சேர்ந்திருந்தாலும், முடிவைக் கெடுத்ததில் பெரும் பங்கு இந்தக் கனெக்டருக்கே. இழை முற்றிலும் கழன்றிருந்தால் கருவி அன்றே ஓலமிட்டிருக்கும். அரைகுறையாக இருந்ததால் ஒளி போய்ச் சேர்ந்தது, ஆனால் மங்கலாக. பெறும் சுற்று அதை உணர எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம்தான் இயற்பியலைப் புரட்டிப்போடும் முடிவாக வேடமிட்டது. அதை உறுதிசெய்த முறையும் நமக்குப் பாடம். அதே ஆய்வகத்தில் இருந்த எல்விடி என்ற மற்றொரு உணர்கருவியையும் ஆபெராவையும் ஊடுருவிச் சென்ற மியூவான் துகள்களின் நேரங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டார்கள். 2008 ஆகஸ்ட் வாக்கில் இரண்டுக்கும் இடையே சுமார் 73 நானோ விநாடி விலகல் திடீரென்று தோன்றி, 2011 இறுதிவரை நீடித்தது தெரிந்தது. தனித்து நிற்கும் இன்னொரு சாட்சியோடு ஒப்பிடுவது, எப்போதிலிருந்து மாறியது என்று கேட்பது ஆகிய இரண்டும்தான் அங்கே உண்மையைக் கொண்டுவந்தன. ஊராட்சி அலுவலகத்து ஸ்விட்ச்சுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

பாதியாகப் பிரித்துத் தேடுவது

ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜா வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால், அணையிலிருந்து ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டியதில்லை. நடுவழியில் ஓரிடத்தில் நீரின் அளவைப் பார்த்தால் போதும். அங்கே நிறைய ஓடினால் குறை கீழ்ப்பாதியில், குறைந்து ஓடினால் மேற்பாதியில். வலைப்பின்னல் பாதையையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒளியிழை, அதை மின்சமிக்ஞையாக மாற்றும் பெட்டி, அங்கிருந்து ஸ்விட்ச்சுக்குப் போகும் சிறு கேபிள், ஸ்விட்ச்சின் போர்ட், சுவருக்குள் ஓடும் கேபிள், சுவர் சாக்கெட், அங்கிருந்து கணினிக்கு வரும் கேபிள், கணினியின் போர்ட் என எட்டுக் கண்ணிகள் இருந்தால், ஒவ்வொரு சோதனையும் பாதியை விலக்குமாறு அமைத்தால் மூன்றே சோதனையில் பழுதான கண்ணியை எட்டலாம். ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; மாற்றியதால் பலன் இல்லையென்றால் பழைய நிலைக்கே திருப்ப வேண்டும். நல்லதென்று முன்பே உறுதியான ஒரு கேபிள் கையில் இருந்தால் இதுவே போதும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றும்போது கோளாறும் கூடவே போனால் பழுது கேபிள் பக்கம். பழைய போர்ட்டிலேயே தங்கினால் போர்ட் பக்கம்.

இந்த முறைக்கு எதிராக நியாயமான ஒரு தடை எழும்: விட்டுவிட்டு வரும் கோளாறு சோதிக்கும் நேரத்தில் வராமல் போனால் என்ன செய்வது? தடை சரியானது. சராசரியாக மணிக்கு ஒருமுறை தற்செயலாக அறுபடும் இணைப்பை ஒரு நிமிடம் மட்டும் சோதித்தால், கோளாறு கண்ணில் படாமல் போக 98 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று மணி நேரம் சோதித்தும் ஒன்றும் படாமல் போக 5 சதவீத வாய்ப்புதான். சோதனையின் நீளம் கோளாறின் இடைவெளியைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும் என்பதே இதற்கான பதில். அதோடு, கோளாறு வரும் வேளையே ஒரு துப்பு. பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து வந்தால், மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் போகும் பிஓஇ இணைப்பைச் சந்தேகிக்கலாம். 2003ஆம் ஆண்டுத் தரத்தின்படி ஸ்விட்ச் போர்ட் ஒன்றுக்கு 15.4 வாட் வரை தரும். கேபிளில் கரைவது போக மறுமுனைக்கு 12.95 வாட் உறுதி. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின் தேவை ஏறுகிறது. கேபிள் முழுத் தாமிரமாக இல்லாமல், தாமிர முலாம் பூசிய மலிவான அலுமினியமாக இருந்தால் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். மறுமுனையில் மின்னழுத்தம் சரிந்து கேமரா மீண்டும் மீண்டும் தொடங்கும். கேமராவையும் ஸ்விட்ச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் தீராத இந்தக் கோளாறு, "எந்த நேரத்தில்?" என்ற ஒரு கேள்வியில் பாதி தீர்ந்துவிடுகிறது.

எண்கள் பேசும் சாட்சியம்

நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பிழைக் கணக்கு இருக்கிறது. சரிபார்ப்பு எண் பொருந்தாமல் வீசப்பட்ட சட்டங்களின் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே போனால், குற்றம் அந்தப் போர்ட்டில் செருகிய கேபிளிலும் அதன் இரு முனைகளிலும்தான் தேடப்பட வேண்டும். அலுவலகங்களில் உள்ள வழக்கமான ஸ்விட்ச்கள் சட்டத்தை முழுதாக வாங்கிச் சரிபார்த்த பிறகே அனுப்புவதால், உடைந்த சட்டம் அடுத்த கேபிளுக்குத் தாண்டுவதில்லை. சரிபார்ப்புப் பிழைகள் ஒரு முனையிலும், காலம் தப்பிய மோதல்கள் மறுமுனையிலும் ஏறினால் அது வேறு நோய். ஒரு முனையில் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று கையால் நிலைப்படுத்தி, மறுமுனையை ஆட்டோவில் விட்டிருக்கிறார்கள். ஆட்டோ முனை வேகத்தைக் கண்டுகொள்ளும், ஆனால் டூப்ளெக்ஸை அறிய முடியாமல் பாதி டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். சிறு செய்திகள் தடையின்றிப் போகும், பெரிய கோப்பு மட்டும் நகராது. ஒளியிழையில் அளக்க வேண்டியது ஒளியின் திறன். ஒற்றைப் பாங்கு இழையில் 1310 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் இழக்கும். பாதையின் நீளத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டதைவிடப் பெறும் திறன் 3 டெசிபல் குறைந்தால், வர வேண்டிய ஒளியில் பாதி வழியில் தொலைந்திருக்கிறது. ஒளி ஓடும் மையப் பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். கனெக்டர் முகத்தில் ஒட்டிய ஒரு தூசி அதை மறைக்கப் போதும். எந்த இடத்தில் பழுது என்று அறிய ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியை நேரம் பார்க்கிறது. இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போவதால், 10 மைக்ரோ விநாடியில் திரும்பும் எதிரொலி ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள முறிவைக் காட்டும். மின்கம்பங்களின் மேல் தொங்கும் இழையை வயல்களுக்கு நடுவே கம்பம் கம்பமாகத் தேடாமல் இருக்க இந்தக் கணக்கு உதவுகிறது.

இத்தனைக்கும் எதிராக நடைமுறைக்காரர்கள் மூன்று வாதங்களை வைப்பார்கள். முதலாவது, அணைத்துப் போட்டாலே பாதிக் கோளாறு தீர்கிறதே என்பது. தீர்வது உண்மை. மறுதொடக்கத்தில் இரு முனைகளும் புதிதாகப் பேசி ஒப்புக்கொள்கின்றன, சூடேறிய பாகம் சற்று ஆறுகிறது. ஆனால் அதே செயல் பிழைக் கணக்குகளையும் பெரும்பாலும் பதிவுகளையும் அழித்துவிடுகிறது. நாளை இதே கோளாறு திரும்பும்போது தேட ஆதாரம் இருக்காது. ஆகவே அணைப்பதற்கு முன் விளக்குகளின் நிலையையும் போர்ட் வேகத்தையும் பிழை எண்களையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும். இரண்டாவது வாதம், சிறிய ஸ்விட்ச் மலிவு, ஆளை வரவழைத்து ஆராய்வதற்குள் புதிதே வாங்கிவிடலாம் என்பது. ஸ்விட்ச்சை மாற்றும்போது எல்லாக் கேபிளும் கழற்றிச் செருகப்படுகின்றன, கனெக்டர் பின்களில் படிந்த அழுக்கு உரசலில் விலகுகிறது, மின் அடாப்டரும் மாறுகிறது. கோளாறு தீர்ந்தால் இவற்றில் எது தீர்த்தது என்று சொல்ல வழியில்லை. பழி பழைய ஸ்விட்ச்சின் மீது விழும்; தளர்ந்த கிரிம்ப் அப்படியே இருக்கும்; சில வாரத்தில் புது ஸ்விட்ச்சும் பழுதானதாகப் பெயர் வாங்கும். சில ரூபாய்க்கு மாற்றக்கூடிய கனெக்டருக்காக நல்ல கருவிகளைக் குப்பையில் போடுவது பொதுப்பணத்தை வீணாக்குவது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது: கிராம அலுவலகத்தின் மலிவு ஸ்விட்ச்சில் பிழைக் கணக்கே கிடையாது, ஒளித்திறன் அளக்கும் மீட்டரும் கிடையாது, இந்த விஞ்ஞானம் நகரத்து நிறுவனங்களுக்குத்தான் ஆகும் என்பது. கருவிகள் குறைவு என்பதை ஏற்க வேண்டும். முறையும் கைக்கு எட்டாதது என்பதை ஏற்க முடியாது. கணினியின் நெட்வொர்க் கார்டே தன் பக்கத்துப் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் நெட்ஸ்டாட் ஆணையும் லினக்ஸில் ஈத்டூல் ஆணையும் அவற்றைக் காட்டும். இணைப்பு எந்த வேகத்துக்கு ஒப்புக்கொண்டது என்பதை எந்தக் கணினியிலும் பார்க்கலாம். நான்கு பிங்குக்குப் பதிலாக ஆயிரம் பிங் அனுப்பி எத்தனை தொலைந்தன என்று எண்ணுவதற்குச் செலவே இல்லை. ஒளியிழைப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் பழுது ஒளியிழைப் பக்கம் என்பது உள்ளே யாரையும் அலைக்கழிக்காமல் தெரிந்துவிடும். நல்ல கேபிள் ஒன்று, காலி போர்ட் ஒன்று, ஒன்றை மட்டும் மாற்றும் பொறுமை ஆகியவற்றோடு ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இந்தச் சோதனைகள் அனைத்தையும் செய்ய முடியும். மென்பொருள் அமைப்பில்தான் கோளாறு இருக்கக்கூடும் என்று நினைத்தாலும் கம்பியிலிருந்தே தொடங்க வேண்டும். அடித்தளம் சரி என்று உறுதியாகாத வரை மேலே கிடைக்கும் எந்தச் சான்றுக்கும் பொருள் இல்லை.

இதிலிருந்து பிறக்கும் கோரிக்கை ஒன்று உண்டு. இணைப்பு அளவு சார்ந்தது என்றால், கெட்ட நாளில் அளந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. நல்ல நாளில் எவ்வளவு இருந்தது என்பதும் தெரிய வேண்டும். கிராமத்து அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ இணைப்பு கொடுத்து ஒப்படைக்கும்போது, எந்தப் போர்ட்டிலிருந்து எந்த அறைக்கு எந்தக் கேபிள் போகிறது என்ற வரைபடம், ஒவ்வொரு போர்ட்டும் ஒப்புக்கொண்ட வேகம், ஒளியிழையில் அன்று பெறப்பட்ட திறன், கேபிள் தாமிரமா என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குள் ஒட்டிக் கொடுப்பது ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்க வேண்டும். பழுது பார்ப்பவர் ஒவ்வொருவரும் எதை மாற்றினார், என்ன ஆயிற்று என்று அதே தாளில் அடுத்த வரியில் எழுத வேண்டும். நாமக்கல்லிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ஆள் வரும் வரை காத்திருக்கும் ஊருக்கு, ஒளியிழையைக் கொண்டுவந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்த இழையின் உடல்நிலையைத் தானே படித்துச் சொல்லும் திறனையும் ஊருக்குக் கொடுத்தால்தான், சான்றிதழுக்காக வாசலில் நிற்பவரின் ஒரு நாள் கூலி வீணாகாமல் இருக்கும்.